அசையாத கறுப்புக் கோடு

பொலிஷ் மெஷினில் பேட்டைப் பிடித்திருக்கும் பின்தட்டின் ஓரத்தில் மார்க்கரால் போட்ட கறுப்புக் கோடு அசையாமல் நின்றது. மெஷின் இரைகிறது, கை அதிர்கிறது, பஞ்சுப் பேட் கதவின் மேல் துடிக்கிறது. கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மாமாவின் கறுப்பு டொயோட்டா அக்ஸியோ காரில், சாரதி பக்கக் கதவின் கைபிடிக்குக் கீழே தகடு உள்வளைந்து போகும் இடம் அது. தட்டையான பொனட்டில் இதே கோடு வினாடிக்கு ஒரு சுற்றாவது வந்துகொண்டிருந்தது. வளைவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. கால் மணித்தியாலம் அதே இடத்தில் நின்று வேலை செய்தேன். துடைத்துவிட்டு லைட் அடித்துப் பார்த்தேன். கீறல்கள் போட்டது போட்டபடி கிடந்தன.

அன்றைக்கு மெஷினைக் கழற்றி மேசையில் வைத்தவன்தான். அதற்குப் பிறகு மூன்று வாரம், மெஷினை ஓட்டிப் பார்த்ததைத் தவிர, காரில் கை வைக்கவில்லை. மெஷினில்தான் வேலை.

கார் பொலிஷ் பண்ணுவது எனக்குத் தொழில் இல்லை. வார நாட்களில் கந்தோர் வேலை. சனி ஞாயிறில் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கிய தகரக் கொட்டிலில் சொந்தக்காரர், கூட்டாளிமாரின் வாகனங்களை எடுத்துச் செய்கிறேன். எங்கள் வளவுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கொஞ்சம் நடந்தால் கடல். உப்புக் காற்று இல்லாத நாள் கிடையாது. கிணற்றுத் தண்ணீரில் காரைக் கழுவி வெயிலில் விட்டால் துளித்துளியாய் வெள்ளை வட்டம் பிடித்துவிடும். துடைத்தால் போகாது. சில மாதம் அப்படியே விட்டால் பெயின்ட்டையே அரித்துப் பள்ளமாக்கிவிடும். இந்த ஊரில் கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

மாமாவின் கார் 2007ஆம் ஆண்டு வண்டி. ஆரையம்பதியில் வீட்டு வாசலில், மாமரத்துக்குக் கீழே நிற்கும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் எங்கள் ஆட்கள் கையில் இருந்ததை வைத்தே ஓடினார்கள். கதவு திறந்த பிறகும் விலையைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும். ஆகவே இந்த அக்ஸியோதான் மாமாவின் கடைசிக் கார். அவரே அப்படித்தான் சொல்கிறார். அதன் மேலிருக்கும் பெயின்ட்டும் அப்படியே: தொழிற்சாலையில் அடித்து, பெரிய அடுப்பில் சுட்டு எடுத்த பெயின்ட். எந்தக் கராஜில் எவ்வளவு கைதேர்ந்த பெயின்ட் வேலைக்காரர் அடித்தாலும் திரும்ப அதே பொருள் வராது. இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வழியில்லை.

என்னிடம் வருவதற்கு முன் இந்தக் கார் ஒருமுறை கட் அண்ட் பொலிஷுக்குப் போய் வந்திருந்தது. எங்கே என்பது இங்கே தேவையில்லை. வந்த அன்று கண்ணாடி மாதிரி இருந்ததாம். மூன்று நாலு கழுவலுக்குப் பிறகு வெயிலில் நிறுத்தினால் பொனட் முழுக்க வால் வாலாக வெளிச்சம் ஓட ஆரம்பித்தது. நாம் நடந்தால் அதுவும் கூட நடக்கும். மோட்டார் பேட்டை நேரே சுற்றும் சுழல் மெஷினில் கம்பளிப் பேட்டைப் போட்டு, கடுங்கொம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசையால் இழுத்து, அதற்கு மேல் மெல்லிய பேட்டால் முடிக்காமல் விட்டால் வரும் தடம் அது. கொம்பவுண்ட்டில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் புகுந்து கொஞ்ச நாள் மறைத்து வைத்திருக்கும். சோப்புத் தண்ணீர் அந்த எண்ணெயை எடுத்ததும் உள்ளது வெளியே வரும். செய்தவருக்கு மறுநாள் மாலை காசு கிடைத்துவிட்டது. மாமாவுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இதில் எனக்குக் கோபம் உண்டு. அந்த ஒரு வேலையில் எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போனது என்று யாரும் அளக்கவில்லை.

அளவைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. இந்தக் காலத்துக் கார்களில் தகட்டுக்கு மேலுள்ள எல்லாப் பூச்சும் சேர்த்து வழமையாக 100 முதல் 150 மைக்ரோன் வரை இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்டோ கொப்பி எடுக்கும் தாள் ஒன்று ஏறத்தாழ 100 மைக்ரோன். அந்தத் தடிப்புக்குள் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சும், பிரைமரும், நிறமும், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சும் அடங்க வேண்டும். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரோன். வெயிலைத் தடுக்கும் மருந்து அதற்குள்தான் இருக்கிறது. பொலிஷ் பண்ணுவது என்பது அழுக்கை எடுப்பதல்ல, மினுக்கத்தைப் பூசுவதும் அல்ல. கீறலின் அடி வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குவது. கவனமாகச் செய்தால் ஒரு தரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று மைக்ரோன் போகும். கவனமில்லாமல் செய்தால் அதைப் போலப் பல மடங்கு. போனது போனதுதான்.

ஆகவே நான் மெஷினில் செய்த மாற்றம் எல்லாம், அது கூட வெட்ட வேண்டும் என்பதற்காக அல்ல. ஒரு இடத்தில் நாலு தரம் ஓட்டினால் போதும் என்ற இடத்தில் பத்துத் தரம் ஓட்டாமல் இருப்பதற்காக. அசையாத கோடு எனக்குக் காட்டியது இதைத்தான். பேட் சுற்றவில்லை என்றால் வேலை நடக்காது. ஆனால் ஒரே இடம் சூடாகும், நானும் பொறுமை இழந்து அமத்துவேன், அமத்தினால் இன்னும் சுற்றாது.

மெஷினைப் பற்றிச் சொல்கிறேன். மச்சான் கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. பெயர் பொறிக்காத சீன மெஷின், 900 வாட்ஸ், 15 மில்லிமீற்றர் வீச்சு. இந்த வகையில் மோட்டார் பேட்டை நேரே சுற்றுவதில்லை. ஆட்டுக்கல்லில் அம்மா உழுந்து ஆட்டியதை நினைத்துப் பாருங்கள். கை குழவியைக் குழிக்குள் வட்டமாகக் கொண்டுபோகும். குழவி கைக்குள் தன்பாட்டில் மெதுவாகத் திரும்பிக்கொண்டும் இருக்கும். வட்டமாகக் கொண்டுபோவது அம்மாவின் பலம். திரும்புவது குழவியின் இஷ்டம். இந்த மெஷினும் அதே மாதிரி. மோட்டார்த் தண்டின் நடுவிலிருந்து 7.5 மில்லிமீற்றர் விலகி ஒரு சிறிய தண்டு. அதை மோட்டார் 15 மில்லிமீற்றர் அகலமான வட்டத்தில் ஓட்டுகிறது. அதன் நுனியில் பெயாரிங்கில் பின்தட்டு. தட்டில் ஒட்டுத்துணியால் பிடித்த பேட். ஓட்டம் கட்டாயம், சுழற்சி இலவசம்.

ஒரு வட்டம் 47 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 4800 வட்டம். பெருக்கினால் பேட்டின் ஒவ்வொரு புள்ளியும் நிமிடத்துக்கு 225 மீற்றருக்கு மேல் தேய்க்கிறது. நடுப்புள்ளியும் அவ்வளவுதான், விளிம்பும் அவ்வளவுதான். சுழல் மெஷினில் இது வேறு. 180 மில்லிமீற்றர் பேட் 1500 சுற்றில் ஓடினால் விளிம்பு நிமிடத்துக்கு 850 மீற்றர் போகும், நடு சும்மா நிற்கும். சூடும் வாலும் அங்கேதான் பிறக்கின்றன. அனுபவமுள்ள கைகள் அந்த மெஷினில் அற்புதம் செய்யும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது மன்னிக்காத மெஷின். ஆட்டுக்கல் மெஷின் மன்னிக்கும். மன்னிப்புக்கு விலை, வளைவில் சுழற்சியை இழப்பது.

ஏன் இழக்கிறது? வளைந்த தகட்டில் பேட்டின் ஒரு ஓரம் மட்டும் அமரும். அந்த ஓரத்தின் உராய்வு, தன்பாட்டில் திரும்ப நினைக்கும் தட்டைப் பிடித்து நிறுத்தும். இதற்கு மேல் எனது மெஷினில் இன்னொரு பிடியும் இருந்தது. அடியில் ஒரு ரப்பர்ப் பாவாடை. அது பின்தட்டின் முதுகில் உரசுகிறது. வேண்டுமென்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். மெஷினைத் தகட்டிலிருந்து தூக்கினால் தடையில்லாத தட்டு வெறிபிடித்துச் சுற்றும். அதற்கு அது பிரேக். நல்ல மெஷினில் அந்த உரசல் அளவாக இருக்கும். என்னுடையதில் தட்டின் முதுகில் பாதிக்கு மேல் ரப்பர் தேய்ந்த கறை படிந்திருந்தது. மெஷினைக் கவிழ்த்து கையால் தட்டைச் சுண்டினேன். அரைச் சுற்றுக்கூட வரவில்லை.

வழி பழையது. தண்டுக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு வொஷரைப் போட்டுத் தட்டை ரப்பரிலிருந்து கொஞ்சம் விலக்குவது. இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் பலர் செய்வதுதான். நான் ஹாட்வெயார் கடையில் மெல்லிய வொஷர்களாக வாங்கி வந்து ஒன்றொன்றாக ஏற்றிப் பார்த்தேன். 1 மில்லிமீற்றரில் கொஞ்சம் இளகியது. 2இல் சுண்டினால் நாலைந்து சுற்று வந்தது. 3இல் ரப்பர் தொடவே இல்லை. தூக்கிய கணத்தில் தட்டு விசிறி மாதிரிப் பறந்து, பேட்டிலிருந்த கொம்பவுண்ட்டைக் கொட்டில் தகரம் வரைக்கும் அடித்தது. 2க்கே திரும்பினேன்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, செய்ய நினைப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். வொஷர் ஏற்றும் ஒவ்வொரு மில்லிமீற்றரும் நடுப் போல்ட்டின் புரியிலிருந்து போகிறது. என்னுடையது எம் 8 போல்ட். இரும்புக்குள் இரும்பு என்றால் போல்ட்டின் விட்டம் அளவுக்காவது, அதாவது 8 மில்லிமீற்றராவது புரி உள்ளே பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. அதைவிடக் குறைந்தால் நிமிடத்துக்கு 4800 தரம் உதறும் தட்டு என்றைக்காவது கழன்று முழங்காலைப் பார்க்கும். 2 மில்லிமீற்றர் கூடிய போல்ட் ஒன்று எடுத்தேன். அது அடியில் போய் முட்டி, இறுகிய மாதிரிப் பாசாங்கு செய்யாமல் இருக்கிறதா என்று துளைக்குள் ஈர்க்கைவிட்டு ஆழம் பார்த்தேன்.

கோடு சுற்றியது. கதவு வளைவில், மெதுவாக, ஆனால் சுற்றியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வளைவுக்கு ஆறு அங்குலத் தட்டே பெரிதுதான். ஐந்து அங்குலத் தட்டும் அதற்கேற்ற பேட்டும் போட்டால் ஓரம் நன்றாக அமரும், சுழற்சியும் கூடும். தட்டைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். போட்டு, வேகத்தை நாலில் வைத்து, பொனட்டில் அழுத்தி சுவிச்சைப் போட்டேன். பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிட்டன. இரவில் சோறு பிசையும்போதும் உள்ளங்கைக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. முதலில் பெயாரிங்தான் போய்விட்டது என்று நினைத்துக் கழற்றினேன். பெயாரிங் புதிது மாதிரி இருந்தது. பழைய தட்டைத் திரும்பப் போட்டேன். மெஷின் பூனைக்குட்டி மாதிரி ஓடியது.

அந்தப் பூனைக்குட்டிதான் எனக்கு விஷயத்தைச் சொல்லித் தந்தது. விலகிய தண்டில் ஒரு பாரம் சுற்றினால் அது மெஷினைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பைச் சமப்படுத்த, உள்ளே தண்டுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு எதிர்ப்பாரம் வார்த்து வைத்திருக்கிறார்கள். அது பெட்டியில் வந்த தட்டின் நிறைக்கும் பேட்டின் நிறைக்கும் கணக்குப் பார்த்து வைத்தது. நான் தட்டை மாற்றினேன். எதிர்ப்பாரத்துக்கு அது தெரியாது. கடையில் தராசுப் படியைப் பார்க்காமல் சாமானை மட்டும் குறைத்தால் தராசு எந்தப் பக்கம் விழும்? அதுதான் நடந்தது.

தங்கச்சி கேக் அடிக்கக் கிராம் கணக்குக்கு வைத்திருக்கும் தராசை இரவல் வாங்கினேன். பழைய தட்டும் பேட்டும் 212 கிராம். புதிய தட்டும் பேட்டும் 158. வித்தியாசம் 54 கிராம். இரண்டு தேசிக்காய் நிறை. இதற்கா கை மரத்தது?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுற்றும் பாரத்தின் இழுப்பு, நிறையை ஆரத்தால் பெருக்கி, சுழல் வேகத்தை அதனாலேயே பெருக்கி வருவதையும் கொண்டு பெருக்குவது, உயர்தரத்தில் படித்தது. 54 கிராம், 7.5 மில்லிமீற்றர், நிமிடத்துக்கு 4800. விடை 102 நியூட்டன். பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கும் இழுப்பு. அது ஒரு பக்கம் நிலையாக இழுத்தால்கூடப் பரவாயில்லை. வினாடிக்கு 80 தரம் திசை மாறி மாறி இழுக்கிறது. வேகம் இருமடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. அதனால்தான் வேகம் இரண்டில் தெரியாதது நாலில் உயிரை எடுக்கிறது.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதிர்வை நாங்கள் எல்லோரும் வேலையின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்கிறோம். கிரைண்டர் பிடிக்கிறவர், கல் உடைக்கிறவர், எல்லோரும். ஆனால் அது நரம்பையும் விரலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் நாளடைவில் கெடுக்கும். விரல் நுனி வெளுத்து உணர்விழந்து போகும், முற்றிப்போனால் திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இதற்கென்றே விதி போட்டது: எட்டு மணித்தியால நாளுக்குச் சராசரி அதிர்வு, வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீற்றரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. எங்கள் பக்கத்தில் நாள் முழுக்க இந்த மெஷினோடு நிற்கும் பொடியன்கள் இருக்கிறார்கள். இருபது வயது. யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

சரி, சமப்படுத்துவது எப்படி? ஒன்று, உள்ளே இருக்கும் எதிர்ப்பாரத்தைத் துளைத்துக் குறைப்பது. சிலர் செய்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. பிறகு பழைய தட்டைப் போட்டால் அது ஆடும். மற்றது, குறைந்த 54 கிராமை தட்டுப் பக்கத்தில் திரும்பச் சேர்ப்பது. சேர்க்கும் பாரம் சிறிய தண்டின் நடுவோடு சேர்ந்து ஓட வேண்டும், சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். அப்படி ஒரு இடம் ஏற்கெனவே இருந்தது: நான் வொஷர் போட்ட இடம். வொஷரையே பெரிதாக்கினால் என்ன? 2 மில்லிமீற்றர் தடிப்பு ஏற்கெனவே சரிவந்த தடிப்பு. இரும்பு ஒரு கன சென்ரிமீற்றர் 7.85 கிராம். 65 மில்லிமீற்றர் விட்டத்தில் வட்டம் ஒன்று வெட்டி நடுவில் 8 மில்லிமீற்றர் துளை போட்டால் 51 கிராம் வருகிறது. ஒரே துண்டு இரும்பு, இரண்டு வேலை.

காத்தான்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது) கொண்டுபோனேன். கடதாசியில் கீறிக்கொண்டு போனதைப் பார்த்தார்.

“தம்பி, இத தகட்டுல வெட்டி ட்ரில்ல ஓட்ட போட்டா அஞ்சு நிமிச வேல. ஆனா நான் அப்பிடிச் செய்ய மாட்டன்.”

“ஏன் நானா?”

“ட்ரில்ல போட்டா ஓட்ட நடுவுலதான் விழுந்திச்செண்டு ஆரு சத்தியம் பண்ணுறது? லேத்துல ஒரே புடியில ஓட்டயும் போட்டு வெளி வட்டத்தயும் கடஞ்சாத்தான் ரெண்டுக்கும் நடு ஒண்டா நிக்கும்.”

அவர் சொன்னது எவ்வளவு முக்கியம் என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது. துளை ஒரு மில்லிமீற்றர் விலகினாலே, நான் ஒரு பக்கம் கொடுத்த சமநிலையை மறுபக்கம் களவெடுக்கும். நானா இரண்டு வட்டு கடைந்து தந்தார், விளிம்பைக் கையில் குத்தாதபடி மழுக்கி. இரண்டாவதுக்குக் காசு எடுக்கவில்லை. “கைவசம் கிடக்கட்டும்” என்றார்.

போட்டு, சுவிச் போடுவதற்கு முன் கையால் பத்துச் சுற்றுச் சுற்றி, வட்டு எதிர்ப்பாரத்தில் எங்கும் தட்டுகிறதா என்று பார்த்தேன். தட்டவில்லை. வேகத்தை ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். நாலில் நின்று இருபது நிமிடம் பிடித்தேன். அதிர்வு முற்றாகப் போகவில்லை. வட்டு இருக்கும் உயரமும் பழைய தட்டின் நிறை இருந்த உயரமும் ஒன்றில்லை, அதனால் ஒரு சிறு தள்ளாட்டம் மிச்சம் இருக்கிறது. ஆனால் இரவு சோறு பிசையும்போது கை என் கையாகவே இருந்தது.

மற்ற மாற்றங்கள் சின்னவை. வந்த வயர் விறைத்த பிளாஸ்ரிக்; கதவில் இழுபட்டாலே கோடு போடும். அதை எடுத்துவிட்டு ரப்பர் உறை போட்ட ஐந்து மீற்றர் வயர் பூட்டினேன், தோளில் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம். 900 வாட்ஸ் 230 வோல்ட்டில் நாலு அம்பியருக்குள்தான், ஆனாலும் மெல்லிய வயர் வேண்டாம். கொட்டில் லைனுக்கு, மின் கசிந்தால் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஈரக் காருக்குப் பக்கத்தில் இந்த மெஷினைப் பிடிக்க வேண்டாம். மெஷினின் தலையைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பை இழுத்துப் போட்டிருக்கிறேன்: பிடி வழுக்காது, கண்ணாடியில் தட்டினாலும் காயமில்லை. பெயாரிங் ரப்பர் மூடி போட்டதாக மாற்றினேன், கொம்பவுண்ட் தூசு உள்ளே போகாமல்.

வேலைக்குத் திரும்பியது ஆடி மாதம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குக் காரைக் கொண்டுபோக வேண்டும் என்று மாமா நாள் குறித்துவிட்டார். ஆனால் அது கச்சான் காற்றுக் காலம். மேற்கு மலையில் ஈரத்தை எல்லாம் இறக்கிவிட்டு எங்கள் பக்கம் வரும்போது அந்தக் காற்றில் சூடும் தூசியும்தான் மிச்சம். பேட்டில் விட்ட பொலிஷ் தகட்டில் பரவ முன்னமே காய்ந்து மாவாகும். காய்ந்த மாவை ஓட்டினால் அதுவே புதுக் கீறல். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, எட்டரை வரைக்கும் செய்வேன். காற்று எழும்பினால் மெஷினை வைத்துவிடுவேன். இதனால் ஒரு நாள் வேலை நாலு நாளானது. பரவாயில்லை.

முதல் நாள் மெஷினைத் தொடவே இல்லை. கழுவி, களிமண் கட்டி என்று விற்கும் அந்த மெழுகுப் பிசினால் சோப்புத் தண்ணீர் வைத்துத் தடவி, கைக்குச் சொரசொரப்புத் தட்டாத வரைக்கும் உப்பையும் மரப்பிசினையும் எடுத்தேன். கறுப்பு ரப்பர், கூரான மடிப்பு, விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். விளிம்பில் டேப் ஒட்டும்போது எனக்குத் தம்பியின் வாகன்ஆர் ஞாபகம் வரும். இரண்டு வருடத்துக்கு முன், பொனட் மடிப்பில் டேப் இல்லாமல் மெஷினைச் சரித்துப் பிடித்தேன். விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெல்லிசு, அழுத்தமோ அங்கேதான் கூடுதல். சுண்டுவிரல் நகமளவு வெள்ளைப் பிரைமர் தெரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தான். பொனட்டுக்கு நான்தான் காசு கொடுத்து அடிப்பித்தேன். அந்த மடிப்பில் நிறம் இன்றைக்கும் ஒரு சாயல் வித்தியாசம். அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

மாமாவின் காரில் முதலில் டிக்கியில் ஒரு சாண் சதுரம் எடுத்து, இருப்பதில் மிக மென்மையான பேட், மிக மென்மையான பொலிஷோடு தொடங்கினேன். போதவில்லை. ஒரு படி ஏறினேன். அதுவே போதுமானது. கையில் கடுமையான கொம்பவுண்ட் போத்தல் இருக்கும்போது இந்தப் படிமுறை சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு மைக்ரோனில் முடியும் வேலையை ஆறில் முடிக்க எனக்கு உரிமையில்லை. பிறகு ஒன்றரை அடிச் சதுரம் சதுரமாக. பேட்டில் கடலை அளவில் நாலு பொட்டு. மெஷினைத் தகட்டில் வைத்த பிறகே சுவிச். குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம், முந்தின கோட்டில் பாதியை மூடிக்கொண்டு, வினாடிக்கு ஒரு அங்குலம் என்ற நடையில். கண் முழுக்கக் கறுப்புக் கோட்டில். கோடு தயங்கினால் அழுத்தத்தை விடுவேன். சரிவு இருந்தால் நேராக்குவேன். நாலு தரத்தோடு துடைத்து, அல்கஹோல் கலந்த தண்ணீரால் எண்ணெயைக் கழுவிவிட்டுத்தான் லைட் அடிப்பேன். எண்ணெய் இருக்கும் தகட்டை நம்பக்கூடாது என்பதை இதே கார்தான் சொல்லித் தந்திருக்கிறது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பேட்டை பிரஷ் போட்டு உதறுவேன். நனைந்து கனத்த பேட் வெட்டவும் மாட்டாது, சமநிலையையும் கெடுக்கும்.

லைட் அடிக்கும்போது கீறல்கள் சிலந்தி வலை மாதிரி விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரியும் அல்லவா? உண்மையில் அவை வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் கண்ணுக்குத் திருப்பி அடிப்பதால் விளக்கை நடுவாக வைத்து வட்டம் கட்டியது போலத் தெரிகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் நகரும். மாமாவின் பொனட்டில் மூன்றாம் நாள் காலை விளக்கை எங்கே கொண்டுபோனாலும் வட்டம் இல்லை. ஒரு பொட்டு வெளிச்சம், அதைச் சுற்றி இருட்டு. கறுப்பு என்றால் இதுதான் கறுப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

சாரதிக் கதவைக் கடைசிக்கு விட்டிருந்தேன். ஐந்து அங்குலத் தட்டு, நானாவின் வட்டு, புதிதாய்ப் போட்ட கறுப்புக் கோடு. கைபிடிக்குக் கீழே வளைவில் கோடு நிற்கப் பார்த்தது, கையை இளக்கினேன், திரும்ப நகர்ந்தது. நாலு தரம். துடைத்தேன். கைபிடிக்குள் விரல் போகும் இடத்தில் நகம் தட்டுப்படும் ஆழத்தில் இரண்டு கீறல் மட்டும் மிச்சம். அவற்றை எடுப்பதென்றால் கிளியர் கோட்டில் பாதியைக் கேட்கும். விட்டுவிட்டேன்.

அளவுக் கருவி இரவல் வாங்கியிருந்தேன். அது தகட்டுக்கு மேலுள்ள முழுத் தடிப்பையும்தான் சொல்லும், கிளியர் கோட்டைத் தனியாகச் சொல்லாது. பிளாஸ்ரிக் பம்பரில் வேலையே செய்யாது. ஒரு இடத்தில் ஐந்து தரம் வைத்துச் சராசரி எடுத்துக் கொப்பியில் எழுதினேன். கதவு: முதல் 111, பிறகு 109. பொனட்: முதலே 96, பிறகு 93. கதவுக்கும் பொனட்டுக்கும் இடையில் 15 மைக்ரோன் வித்தியாசம். இவ்வளவும் அந்தப் பழைய கம்பளிப் பேட் தின்றதா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் கூரை 112 காட்டியது.

மாமா மாலையில் வந்தார். காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பொனட்டில் குனிந்து தன் முகத்தைப் பார்த்தார், கொட்டில் தகரத்தின் ஆணித்துளை வெளிச்சங்களைப் பார்த்தார். பிறகு கொப்பியை வாங்கி இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர்.

“இன்னும் எத்தின தரம் இப்பிடிச் செய்யலாம் மனே?”

“கதவுக்கு ரெண்டு மூண்டு தரம் தாங்கும் மாமா. பொனட்டுக்கு ஒரு தரம். அதுக்கு மேல ஆர் கேட்டாலும் கை வைக்க விடாதீங்க.”

ஒன்றும் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு ஆரையம்பதிக்குப் போனபோது மாமரத்தடி வெறுமையாக இருந்தது. வீட்டுச் சுவரோடு சாய்த்து நாலு பனங்கம்பு நட்டு, கிடுகு வேய்ந்து, மாமா காரை அதற்குள் விட்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி, மழைத் தண்ணீர் பிடித்து மூடியது, அதன் மேல் மடித்து வைத்த மெல்லிய துணி இரண்டு.